கால்நடைக் கொட்டகைக்கு வெப்பத் தடுப்புத் தகடு: எங்கே தேவை? எப்படிப் பொருத்துவது?

தென்னங்கீற்று வேய்ந்த மாட்டுக் கொட்டகைகள் நம் கிராமங்களில் குறைந்து வருகின்றன. கீற்று முடையவும் கூரை வேயவும் ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்து வேய வேண்டியிருக்கிறது. தீப்பற்றும் அச்சமும் உண்டு. ஆகவே, சிறு விவசாயிகளும் கடன் வாங்கியாவது தகட்டுக் கூரைக்கு மாறுகிறார்கள். மாறிய முதல் கோடையிலேயே, கீற்றுக் கொட்டகையில் இருந்த குளுமை போய்விட்டதே என்று வருந்துகிறார்கள்.

இந்தக் குறையைப் போக்க, இரண்டு தகடுகளுக்கு நடுவே நுரைப் பொருளை நிரப்பிய 'சாண்ட்விச் பேனல்' கடைகளில் கிடைக்கிறது. 'பஃப் பேனல்' என்றும் சொல்வார்கள். நல்ல பொருள்தான். ஆனால், அதை எங்கே பயன்படுத்துகிறோம், எப்படிப் பொருத்துகிறோம் என்பதைப் பொறுத்தே அது லாபமா, நட்டமா என்பது முடிவாகும்.

ஒரு பண்ணையில் கண்டது

சில ஆண்டுகளுக்கு முன் பல்லடம் பக்கத்தில் ஒரு விவசாயி தம் ஐந்து கலப்பினப் பசுக்களைப் பார்க்க அழைத்தார். கூரை முழுவதும் இரண்டு அங்குலக் கனமுள்ள பேனல். அதோடு நில்லாமல், மூன்று பக்கமும் அதே பேனலைச் சுவராக எட்டடி உயரத்துக்கு அடைத்திருந்தார். "ஏசி ரூம் மாதிரி இருக்கும்னு சொன்னாங்க சார். மாடு வாயைத் தொறந்து இரைக்குதுங்க. பாலும் குறைஞ்சு போச்சுங்க" என்றார்.

பிற்பகல் மூன்று மணிக்கு உள்ளே நுழைந்ததும் மூத்திர நெடி கண்ணைக் கரித்தது. தாழ்வாரத்தில் கூரையின் அடிப்புறத்தைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. கூரை தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. கெடுத்தது சுவர்தான்.

ஒரு கறவை மாட்டின் உடலிலிருந்து, ஓர் இஸ்திரிப் பெட்டி அளவுக்கு, அதாவது ஏறத்தாழ 750 வாட் வெப்பம் இரவும் பகலும் வெளியாகிறது. ஐந்து மாடுகள் என்றால் ஐந்து இஸ்திரிப் பெட்டிகள். மூச்சிலும் மூத்திரத்திலும் வரும் ஈரம் வேறு. வெளி வெப்பத்தை உள்ளே விடாத பேனல், உள்ளே உண்டாகும் வெப்பத்தை வெளியே போகவும் விடாது. நெடும்பக்கங்கள் இரண்டிலும் மூன்றடிக்கு மேல் இருந்த பேனலைக் கழற்றச் சொன்னேன். கழற்றியதைக் கொண்டு அவர் பால் கேனும் மருந்தும் வைக்க ஓர் அறை அமைத்துக்கொண்டார். அடுத்த கோடையில் மாடுகள் அமைதியாக அசைபோட்டன. சுவருக்குக் கொட்டிய பணத்தில் இன்னொரு பசு வாங்கியிருக்கலாமே என்ற வருத்தம் மட்டும் அவருக்குத் தீரவில்லை.

மாட்டுக்கும் ஆட்டுக்கும் கூரை வெயிலைத் தடுக்க வேண்டும்; சுவர் காற்றை விட வேண்டும். இதை மனத்தில் கொண்டால் பாதிச் செலவு மிச்சம்.

வெப்பம் எப்படி இறங்குகிறது?

கோடை நண்பகலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1000 வாட் வெயில் விழுகிறது. 30 அடி நீளமும் 20 அடி அகலமும் உள்ள கூரைக்கு இது 55 கிலோவாட் ஆகும். வெறும் தகடு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ந்து, கீழே நிற்கும் மாட்டின் முதுகில் வெப்பத்தை வீசுகிறது. நிழலில் நின்றும் மாடு வெயிலில் நிற்பதுபோல் துன்பப்படுவது இதனால்தான். ஹோல்ஸ்டீன் கலப்பு மிகுந்த பசு 25 டிகிரியைத் தாண்டினாலே சிரமப்படத் தொடங்கும். கோழிக்கோ வியர்வைச் சுரப்பியே கிடையாது. மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்க வேண்டும்.

இரும்பு கடத்தும் வெப்பத்தில் ஏறத்தாழ 2000-ல் ஒரு பங்கைத்தான் பாலியூரித்தேன் நுரை கடத்தும். நுரைக்குள் அடைபட்ட நுண்ணிய குமிழிகளே இதற்குக் காரணம். கீற்றுக் கூரையும் அடுக்குகளுக்கு இடையே காற்றை அடைத்து வைத்துத்தான் குளுமை தந்தது.

இன்னொரு நன்மையும் உண்டு. மார்கழிப் பனியில் வெறும் தகட்டின் அடியில் நீர் கோத்துச் சொட்டும். கோழிக் கொட்டகையில் இது கூளத்தை நனைத்து, அம்மோனியா நெடிக்கும் இரத்தக் கழிச்சலுக்கும் இடம் தரும். பேனலின் அடித்தகடு அவ்வளவு குளிராது; ஆகவே சொட்டாது.

யாருக்கு எது ஏற்றது?

இரண்டு மூன்று மாடுகளோ பத்து ஆடுகளோ வைத்திருப்பவர்களுக்குப் பேனல் அவசியமில்லை. ஒற்றைத் தகடு போட்டு, மேற்புறம் வெள்ளை வெப்பத் தடுப்புப் பெயிண்ட் அடிக்கலாம். அது வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். ஆண்டுதோறும் கோடைக்கு முன் கழுவிவிட வேண்டும்; அழுக்கேறினால் பயன் குறையும். தகட்டின் அடியில் ஓரடி இடைவெளி விட்டுக் கீற்றுப் படல் கட்டினால் இன்னும் நல்லது. மின்கம்பி அதன் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். படலுக்குப் பதில் அலுமினிய முகமுள்ள நுரைப் பாயும் கட்டலாம். பளபளப்பான முகம் கீழ்நோக்கி இருக்கட்டும். மேல்நோக்கி வைத்தால் தூசி படிந்து பயன் கெடும்.

கூடுதல் மாடுகளோ கோழிப் பண்ணையோ வைத்திருப்போர் கூரைக்கு மட்டும் பேனல் போடலாம். கோழிக் கொட்டகையை நான்கு புறமும் அடைப்பதென்றால் விசிறியும் ஜெனரேட்டரும் தவறாமல் வேண்டும். மின்சாரம் நின்று விசிறி ஓடாவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் கூட்டமே செத்துவிடக்கூடும்.

எதைப் போட்டாலும் கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காக இருக்க வேண்டும். பக்க உயரம் எட்டடிக்குக் குறையக் கூடாது. தாழ்வாரம் மூன்றடி வெளியே நீண்டிருக்க வேண்டும். அகலம் 20 அடிக்கு மேல் போனால், முகட்டில் அரையடி திறப்பு விட்டு மேலே தொப்பிபோல் தகடு அமைத்தால் சூடான காற்று வெளியேறும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

தகட்டின் கனத்தில்தான் ஏமாற்று அதிகம். 0.50 மில்லிமீட்டர் என்றால் அது பூச்சு சேர்த்தா, இரும்பு மட்டுமா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்க வேண்டும். கால்வால்யூம் எனப்படும் தகட்டின் பூச்சில் 55 சதம் அலுமினியமும் மீதியில் பெரும்பகுதி துத்தநாகமும் இருக்கும். பேனலில் உள்ள பாலியூரித்தேன் நுரையின் அடர்த்தி கன மீட்டருக்கு 40 கிலோ அளவில் இருக்க வேண்டும். கூரைக்கு மேல் தகடு வெள்ளை நிறமாக இருப்பது நல்லது.

பொருத்தும் முறை

1. சரிவு: கூரையின் சரிவு 10 டிகிரிக்குக் குறையக் கூடாது. அதாவது, 10 அடி அகலத்துக்கு ஒன்றே முக்கால் அடி உயர்வு வேண்டும்.

2. சட்டம்: தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களின் இடைவெளியைத் தகட்டின் கனத்துக்குத் தக்கபடி உற்பத்தியாளர் தரும் அட்டவணையைப் பார்த்து வைக்க வேண்டும். ஒற்றைத் தகட்டுக்கு நான்கடி பொதுவாகப் பொருந்தும். வெல்டிங் வேலை முழுவதையும் பேனல் ஏறும் முன்பே முடித்துவிட வேண்டும்.

3. தொடங்கும் பக்கம்: மழைக்காற்று வரும் திசைக்கு எதிர்முனையிலிருந்து தொடங்க வேண்டும். ஆடிக் காற்று மேற்கிலிருந்து வீசும் கோவை, திருப்பூர் பகுதியில் கிழக்கு முனையில் தொடங்கி மேற்கே போக வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் நனையும் கடலோர மாவட்டங்களில் மேற்கு முனையில் தொடங்க வேண்டும். அப்போதுதான் ஒன்றன்மேல் ஒன்று படியும் ஓரத்தில் மழைச்சாரல் புகாது.

4. திருகாணி: ரப்பர் வாஷர் உள்ள, தானே துளையிடும் ஸ்க்ரூவை அலையின் மேட்டில் அடிக்க வேண்டும், பள்ளத்தில் அடித்தால் ஒழுகும். பேனலுக்குப் போடும் ஸ்க்ரூ, சட்டத்தைத் துளைத்து ஓர் அங்குலம் கீழே தெரியும் நீளத்துக்கு இருக்க வேண்டும். ரப்பர் லேசாக அமுங்கினால் போதும். மேலும் முறுக்கினால் தகடு குழிந்து நீர் தேங்கும்.

5. காற்று: இரண்டு அங்குலப் பேனலின் எடை சதுர அடிக்கு ஒரு கிலோதான். பெருங்காற்று அதைத் தூக்கிவிடும். இந்தியத் தர விதியின்படி, கட்டட வடிவமைப்புக்குரிய அடிப்படைக் காற்று வேகம் கோவையிலும் மதுரையிலும் மணிக்கு 140 கிலோமீட்டர், திருச்சியில் 170, சென்னையில் 180. காற்றின் இழுப்பு தாழ்வாரத்திலும் முகட்டிலும் ஓரங்களிலும்தான் மிகுதி. ஆகவே, அங்கே ஒவ்வொரு மேட்டிலும் ஸ்க்ரூ வேண்டும்; நடுவில் ஒன்றுவிட்டு ஒன்று போதும். தூண்கள் கான்கிரீட் அடித்தளத்தில் போல்ட்டால் இறுக்கப்பட வேண்டும். 2018 நவம்பர் 16-ல் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயலில் கூரைகள் பறந்ததை டெல்டா விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள்.

6. வெட்டுதல்: கிரைண்டரால் வெட்டக் கூடாது. தீப்பொறி பட்ட இடமெல்லாம் பூச்சு கருகித் துருப்பிடிக்கும். தகடு வெட்டும் கத்தரியோ நுண்பல் ரம்பமோ பயன்படுத்தலாம். துளையிட்ட இரும்புத் தூளை அன்றன்றே பெருக்கித் தள்ள வேண்டும். தகட்டின்மேல் ஒட்டியுள்ள பிளாஸ்டிக் தாளையும் உடனே உரித்துவிட வேண்டும். வெயிலில் காய்ந்தால் பிறகு உரியாது.

7. ஓரங்கள்: நுரை வெளியே தெரியும் முனைகள் எல்லாவற்றையும் தகட்டு மூடியால் அடைக்க வேண்டும். எலி அதைக் குடைந்து கூடு கட்டும். கோழிக் கூளத்தில் வாழும் கருவண்டின் புழுக்களும் நுரைக்குள் துளைத்துச் செல்லும்.

சுவர்ப் பேனல் எங்கே தேவை?

குளிர்ச்சியைக் காக்க வேண்டிய இடத்தில் சுவர்ப் பேனல் மிகவும் பயன்படும். பால் குளிரூட்டும் அறை, பூ, காய்கறி சேமிக்கும் சிறு குளிரறை, சிப்பிக் காளான் குடில் ஆகியவை இத்தகையவை. உறையாத குளிருக்கு இரண்டரை முதல் மூன்று அங்குலம் போதும். உறைநிலைக்கு நான்கு அங்குலமோ அதற்கு மேலோ வேண்டும். இங்கே இணைப்புகளின் வெளிப்புறத்தை இடைவெளியின்றி ஒட்டுப் பசையால் அடைப்பது முக்கியம். இல்லையேல் வெளிக்காற்றின் ஈரம் புகுந்து நுரையை நனைத்துவிடும். நனைந்த நுரை வெப்பத்தைத் தடுக்காது.

மாட்டுக் கொட்டகையில் தடுப்பு வேண்டுமானால் மூன்றடிவரை செங்கல் சுவரே சிறந்தது. மூத்திரமும் சாணமும் பட்டால் தகடு விரைவில் அரித்துப்போகும்.

எச்சரிக்கை

பாலியூரித்தேன் நுரையும் தெர்மோகோலும் எரியக்கூடியவை. அவற்றின் புகை நஞ்சு. மின்கம்பிகளைக் குழாய்க்குள் கொண்டுசெல்வதும், தகட்டுக் கூரைக்கு எர்த் கொடுப்பதும் கட்டாயம். கொசுவுக்குப் போடும் புகைமூட்டத்தைப் பேனலுக்கு அருகில் வைக்கக் கூடாது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டைக் கழற்றுவோர் அதை உடைக்கவோ அறுக்கவோ வேண்டாம். அதன் தூசி நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கும். நீர் தெளித்து, முகத்துக்குத் தகுந்த கவசம் அணிந்து, முழுசாக இறக்க வேண்டும். அதன்மேல் ஏறி நிற்கவும் கூடாது. ஓடு உடைந்து விழுந்து உயிரிழந்தவர்கள் உண்டு.

தை, மாசி மாதங்களே கூரை வேலைக்கு ஏற்ற காலம். மழையும் பலத்த காற்றும் இரா. கோடைக்கு முன் வேலை முடிந்துவிடும். கடனுக்குக் கையெழுத்துப் போடுமுன் உங்கள் கால்நடை மருத்துவரையோ வேளாண் அறிவியல் நிலையத்தையோ ஒருமுறை கலந்து பேசுங்கள். விற்பவர் கூரையோடு சுவருக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால், சுவர் எதற்கு என்று கேளுங்கள். குளிரறைக்கு என்றால் வாங்குங்கள். மாட்டுக்கு என்றால் அந்தப் பணத்தைத் தீவனத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.