முகவரி மாறினால் யார் சொல்வது?

குடும்பம் ஒன்று வேறு ஊருக்குக் குடிபோகிறது என்று வைத்துக்கொள்வோம். புறப்படுமுன் வீட்டுத் தலைவர் தபால் நிலையத்திற்குச் சென்று, ‘எங்களுக்கு வரும் கடிதங்களை இனி இப்புதிய முகவரிக்கு அனுப்பிவையுங்கள்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். அவ்வாறு எழுதிக் கொடாமல் சென்றவரின் கடிதங்கள் என்னவாகும்? கல்யாணப் பத்திரிகையாயினும் சரி, உத்தியோக நேர்முக அழைப்பாயினும் சரி, பூட்டிய கதவு வரை வந்துவிட்டுத் திரும்பிப் போக வேண்டியதுதான்.

இணையதளங்களின் பக்கங்களும் இவ்வாறே குடிபெயர்கின்றன. பள்ளியோ, கல்லூரியோ, மருத்துவமனையோ தன் இணையதளத்தைப் புதுப்பித்து அழகுற அமைக்கிறது. பக்கங்கள் புதிய முகவரிகளுக்குச் செல்கின்றன. பழைய முகவரியைக் குறித்து வைத்திருந்த பெற்றோர் அதைத் தட்டும்போது, ‘404 - பக்கம் காணப்படவில்லை’ என்ற வாசகம் எதிரில் நிற்கிறது. இதையே உடைந்த இணைப்பு, அதாவது பிரோக்கன் லிங்க் என்கிறோம். இந்த 404 ஓர் அறையின் எண் என்று ஒரு கதை உலவுகிறது. கேட்க நன்றாயிருந்தாலும் அது வெறும் கட்டுக்கதையே. சர்வர் எனப்படும் கணினி தரும் பதில்களுக்கு எண்கள் உண்டு. 2 என்று தொடங்கினால் கேட்டது கிடைத்தது. 3 என்றால் வேறிடம் செல்க. 4 என்றால் கேட்டதில் கோளாறு. 5 என்றால் சர்வரிலேயே கோளாறு. அவ்வளவே.

இணைப்புகள் ஏன் உடைகின்றன? இதற்கு விடை காண வலையின் பிறப்பையே சற்று நோக்க வேண்டும். 1989ஆம் ஆண்டு, ஜெனீவா நகரருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உலகளாவிய வலைக்கான திட்டத்தை முன்வைத்தார். அதற்கு முன்பிருந்த சில அமைப்புகள், எல்லா இணைப்புகளையும் ஒரே பதிவேட்டில் வைத்துக் காத்தன. ஒரு பக்கம் நகர்ந்தால் பதிவேடு அறிந்துவிடும், இணைப்பு உடையாது. பெர்னர்ஸ்-லீ இந்தப் பதிவேட்டை வேண்டாமென்று விட்டார். யாரும் எவரது அனுமதியுமின்றி எந்தப் பக்கத்திற்கும் இணைப்புக் கொடுக்கலாம் என்றார். வலை உலகெங்கும் பரவியதற்கு இந்தச் சுதந்திரம் ஒரு முக்கிய காரணம். ஆனால் எவர் நமக்கு இணைப்புக் கொடுத்துள்ளார் என்பது நமக்கே தெரியாத நிலையும் அதனால்தான் வந்தது. தெரியாதவருக்கு எப்படி ‘நாங்கள் வீடு மாறிவிட்டோம்’ என்று சொல்லியனுப்புவது?

உலகின் முதல் இணையதளமே இந்தச் சங்கடத்திற்கு ஆளாயிற்று என்றால் வியப்பாக இல்லையா? செர்ன் ஆய்வுக்கூடத்தில் பிறந்த அந்த முதல் பக்கம், பல ஆண்டுகள் தன் சொந்த முகவரியில் கிடைக்காமல் இருந்தது. 2013ஆம் ஆண்டில்தான், 1992ஆம் ஆண்டின் பிரதியைக் கொண்டு அதைப் பழைய இடத்திலேயே மீட்டு வைத்தனர். 2024இல் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். 2013இல் இருந்த பக்கங்களில் நூற்றுக்கு 38, பத்து ஆண்டுகளில் கிடைக்காமற் போயின. நீதிமன்றத்தையும் இது விடவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் குறிக்கப்பட்ட இணைய முகவரிகளில் ஏறக்குறையப் பாதி, முதலில் காட்டிய செய்தியை இப்போது காட்டவில்லை என்று ஹார்வர்டு சட்டக்கல்லூரியைச் சார்ந்த அறிஞர்கள் 2014இல் வெளியான ஆய்வில் கண்டனர். தீர்ப்பு இருக்கிறது, அதற்கு ஆதாரமாகக் காட்டிய பக்கம் இல்லை!

சரி, தபால் நிலையத்தில் எழுதிக் கொடுப்பதற்கு ஈடாக இங்கே என்ன உண்டு? ரீடைரக்ட் என்பதே அது. தமிழ் விக்கிப்பீடியாவில் இதனை ‘வழிமாற்று’ என்று அழகாகச் சொல்கிறார்கள். நாமும் அவ்வாறே சொல்வோம். இதில் முக்கியமானவை இரண்டு. 301 என்ற பதில், ‘நிரந்தரமாகக் குடிபோய்விட்டோம்’ என்பது. 302, ‘தற்சமயம் வேறிடத்தில் இருக்கிறோம், திரும்பி வருவோம்’ என்பது. பார்க்க வருபவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கண்ணிமைக்கும் நேரத்தில் புதிய பக்கம் வந்துவிடும். வேறுபாடு தெரிவது கூகுள் போன்ற தேடுபொறிக்குத்தான்.

1998இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களான லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் கூகுளைத் தொடங்கியபோது கையாண்ட கருத்து எளியது. ஒரு பக்கத்திற்குப் பிறர் கொடுக்கும் இணைப்பு, அதற்கு இடும் வாக்கு போன்றது. இன்று கூகுள் வேறு பலவற்றையும் கணக்கில் கொள்கிறது. எனினும் இணைப்புக்கு மதிப்பு உண்டு. பக்கம் மறைந்துவிட்டால் பல்லாண்டுகளாகச் சேர்ந்த வாக்குகள் அநாதையாகின்றன. 301 கொடுத்தால் அவை புதிய முகவரியின் கணக்கில் சேரும். 302 கொடுத்தாலோ, தேடுபொறி பழைய முகவரியையே நினைவில் வைத்திருக்கக்கூடும். எனவே நிரந்தர மாற்றத்திற்கு 301தான் ஏற்றது. ஆனால் ஓர் அச்சத்தைப் போக்க வேண்டும். சில 404 பக்கங்கள் இருப்பதாலேயே தளம் முழுவதையும் கூகுள் தண்டிப்பதில்லை. நஷ்டம் அந்தந்தப் பக்கத்திற்கும், அதைத் தேடி வந்தவருக்குமே.

இதில் சோம்பேறி வழியொன்று உண்டு. மறைந்த பக்கங்கள் அனைத்தையும் முகப்புப் பக்கத்திற்கே திருப்பிவிடுவது! கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தைத் தேடி வந்த தாய்க்குப் பள்ளிக் கட்டடத்தின் படத்தைக் காட்டினால் அவர் என்ன செய்வார்? கூகுளும் ஏமாறுவதில்லை, இதைப் போலி 404 என்றே பெரும்பாலும் கொள்கிறது. பழைய பக்கத்திற்கு ஈடான புதிய பக்கம் எதுவோ அதற்கே வழிமாற்ற வேண்டும். அஞ்சலோட்டம் போல ஒன்றிலிருந்து ஒன்றிற்கு, அதிலிருந்து மற்றொன்றிற்கு என்று சங்கிலி போடுவதும் தவறு. கூகுளின் தானியங்கி பத்துத் தாவல் வரை பின்தொடரும்; அதன்பின் விட்டுவிடும். நேரே கடைசி முகவரிக்கு அனுப்புவதே நேர்த்தி.

வேறு சில பக்கங்கள் மறையத்தான் வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் சிறுமிகளின் பெயர், வகுப்பு, புகைப்படம், வீட்டு முகவரி ஆகியவற்றை யோசியாமல் வெளியிட்ட பக்கம் இருக்கிறதென்றால் அதற்கு வழிமாற்று எதற்கு? அதை நீக்கிவிட்டு 410 என்ற பதிலைத் தருவதே முறை. ‘இருந்தது, வேண்டுமென்றே அகற்றிவிட்டோம்’ என்பது அதன் பொருள்.

வேலையை எவ்வாறு தொடங்குவது? தளத்தை மாற்றுமுன் பழைய முகவரிகள் அனைத்தையும் ஒரு நோட்டில் இடப்பக்கமும், அவற்றிற்குரிய புதியவற்றை வலப்பக்கமும் எழுதிக்கொள்ள வேண்டும். கணக்கு வகுப்பில் ஜோடி சேர்ப்பது போன்றதுதான். பிறகு அவ்விவரத்தைச் சர்வரில் பதிய வேண்டும். அப்பாச்சி வகைச் சர்வரில் ஒரு பக்கத்திற்கு ஒரு வரி போதும். கூகுள் இலவசமாகத் தரும் சர்ச் கன்சோல், எந்தெந்த முகவரிகளில் 404 வருகிறதென்று காட்டிக் கொடுக்கும். நம் தளத்திற்குள்ளேயே உள்ள இணைப்புகளை வழிமாற்றை நம்பி விட்டுவிடாமல் நேரடியாகத் திருத்திவிட வேண்டும். நம் வீட்டுக்குள் நாமே சுற்றிவளைத்து நடப்பானேன்? பழைய பக்கம் எங்குமே கிடைக்காவிடில், இன்டர்நெட் ஆர்க்கைவ் நிறுவனம் 2001 முதல் பொதுமக்களுக்குத் திறந்துள்ள வேபேக் மெஷினில் தேடிப் பார்க்கலாம். பல சமயம் பிரதி அகப்படும்.

வழிமாற்றுகளைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். முடிந்தவரை என்றென்றைக்கும் வைத்திருப்பதே நல்லது என்பது எமது கருத்து. அதற்குப் பழைய டொமைன் பெயரின் சந்தாவைத் தவறாமல் புதுப்பித்துவர வேண்டும். கட்டத் தவறினால் வழிமாற்றுகள் அனைத்தும் ஒரே நாளில் அழியும். அதோடு நிற்பதில்லை. கைவிடப்பட்ட பெயரை வேறெவரும் விலைக்கு வாங்கலாம். பள்ளியின் பழைய முகவரியை நம்பித் தட்டும் மாணவியின் முன் சூதாட்ட விளம்பரம் வந்து நிற்கும். இவ்வாறு உலகில் பல நிறுவனங்களுக்கு நேர்ந்திருக்கிறது. ஆண்டுச் சந்தா சொற்பமே. அதைக் கட்டும் பொறுப்பை ஒருவரிடம் மட்டும் விடாமல், அலுவலகப் பதிவேட்டில் தேதியோடு குறித்து வைக்கலாம்.

இனி, அச்சில் ஏறும் முகவரிகள். ஆண்டுமலரிலும், விழா அழைப்பிதழிலும், சுவரொட்டியிலும் கியூ.ஆர் கட்டத்தை அச்சிடுகிறோம். அதற்குள் இருப்பதும் ஒரு முகவரியே. அச்சான பின் திருத்த இயலாது. ஆகவே அச்சுக்குக் கொடுக்கும் முகவரி குறுகியதாக, பள்ளியின் சொந்த டொமைனிலேயே இருக்கட்டும். அங்கிருந்து வேண்டிய பக்கத்திற்கு 302 கொடுத்து அனுப்பலாம். அடுத்த ஆண்டு அப்பக்கம் இடம் மாறினால் சர்வரில் ஒரு வரியை மாற்றினால் போதும். அலமாரியில் கிடக்கும் பழைய மலரிலுள்ள கட்டமும் சரியான இடத்தைக் காட்டும்.