தீவில் எங்கே ஜாகை?

கோடை விடுமுறை பிறந்துவிட்டது. கோவிலூரில் ஒரு வீட்டுத் திண்ணை. அப்பத்தா உட்கார்ந்திருக்கிறார். பேரன் ஒரு பக்கம், பேத்தி ஒரு பக்கம்.

"அப்பத்தா! ஊருணியில் குளித்தது போதும். கடலுக்குப் போகணும்!"

"கடல் என்ன, தீவுக்கே போவோம். ஆனா ராத்திரி எங்கே படுக்கிறது? அதை முதல்லே சொல்லுங்க."

அப்பத்தா கேட்டது சரியான கேள்வி. தீவுக்குப் போகிற குடும்பம் முதலில் தீர்மானிக்க வேண்டியது இதுதான். எதைப் பார்ப்பது என்பது பிறகு. எங்கே தங்குவது என்பது முதலில்.

காரைக்குடியை அடுத்த கோவிலூரில் கொற்றவாளீசுவரர் கோயில் உண்டு. வேதாந்தம் வளர்த்த மடம் உண்டு. கடல் மட்டும் இல்லை. சிவகங்கை மாவட்டத்துக்கே கடற்கரை கிடையாது. ஆனால் காரைக்குடியில் ரெயில் ஏறினால் போதும். மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம், மண்டபம் என்று போய், கடலையும் தாண்டி, ராமேசுவரம் தீவிலேயே கொண்டு போய் இறக்கிவிடும்.

கடல்மேல் ரெயில் போகும் அந்தப் பாம்பன் பாலம் இப்போது புதிது. 1914-ல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரெயில் நின்றது. பக்கத்திலேயே புதுப் பாலம் கட்டினார்கள். 2025 ஏப்ரல் 6-ந் தேதி அது திறக்கப்பட்டது. கப்பல் வந்தால் பாலத்தின் நடுப்பகுதி லிப்டு போல நேராக மேலே எழும்பும். பிள்ளைகளுக்கு இதைவிட வேடிக்கை வேண்டுமா? பஸ்சிலோ காரிலோ போகிறவர்களுக்கு 1988-ல் திறந்த சாலைப் பாலம் இருக்கிறது.

போக வழி சுலபம். தங்க இடம் பார்ப்பதில்தான் சாமர்த்தியம்.

முன்னோர் இடம் பார்த்த விதம்

இடம் பார்த்துத் தங்குவது செட்டிநாட்டாருக்குப் புதிதல்ல. தைப்பூசத்துக்குப் பழனிக்குக் காவடி எடுத்து நடந்து போகிறார்களே, அவர்களைப் பாருங்கள். குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று வழி நெடுக இரவுத் தங்கல் உண்டு. கால் வலித்த இடத்தில் அவர்கள் படுத்துவிடுவதில்லை. தண்ணீர் எங்கே, சமைக்க இடம் எங்கே, பெண்கள் குளிக்க மறைவு எங்கே என்று பெரியவர்கள் முன்னாலேயே பார்த்து வைத்திருப்பார்கள்.

காசிக்கும் ராமேசுவரத்துக்கும் போகிறவர்களுக்காக நகரத்தார் சத்திரம் கட்டினார்கள். அவர்கள் கட்டிய சத்திரத்தில் முதலில் என்ன இருக்கும்? கிணறு இருக்கும். சமையற்கட்டு இருக்கும். பூட்டிக்கொள்ளக் கதவு இருக்கும். அலங்காரம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மேல்நாட்டில் நடந்தது

மேல்நாட்டில் குடும்பம் குடும்பமாகக் கூடாரம் எடுத்துக்கொண்டு மத்தியதரைக் கடல் தீவுகளுக்குப் போகிறார்கள். கார்சிகா, சார்டீனியா என்ற தீவுகள் அதற்குப் பேர் பெற்றவை. அங்கேயும் கண்ட இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. சட்டம் தடுக்கிறது. அதற்கென்று தனித் தளங்கள் உண்டு. குழாய், குளியலறை, கழிப்பிடம், விளக்கு எல்லாம் அங்கே இருக்கும்.

அப்படிப்பட்ட தளத்திலும் ஆபத்து வந்தது. 2022 ஆகஸ்டு 18-ந் தேதி காலை. கார்சிகாவில் திடீரென்று புயல் காற்று. மணிக்கு 220 கிலோமீட்டருக்கும் மேல் வேகம்! மரங்கள் முறிந்து விழுந்தன. கூடாரத் தளம் ஒன்றில் மரம் விழுந்து 13 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். எச்சரிக்கை வந்தபோது காற்றும் வந்துவிட்டது.

பகலில் நிழல் தந்த மரம், இரவில் எமனாகலாம். தீவில் தங்குகிறவர்கள் மறக்கக் கூடாத பாடம் இது.

அந்த டிசம்பர் இரவு

நம் தீவு இதைவிடப் பெரிய பாடம் படித்திருக்கிறது.

1964 டிசம்பர் 22-ந் தேதி இரவு. தீவின் கிழக்குக் கோடியில் தனுஷ்கோடி இருந்தது. ரெயில் நிலையம், துறைமுகம், தபால் ஆபீஸ், மாதா கோயில் எல்லாம் உள்ள ஊர். தலைமன்னாருக்குக் கப்பல் புறப்படும் இடம். இலங்கையில் தொழில் செய்த செட்டிநாட்டார் பலர் ஏறி இறங்கிய துறை அது.

அன்று இரவு புயல் வந்தது. கடல் ஊருக்குள் புகுந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன ரெயிலை அலை அடித்துக்கொண்டு போயிற்று. அதில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. விடிந்தபோது ஊர் இல்லை. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது.

நடிகர் ஜெமினி கணேசனும் நடிகை சாவித்திரியும் அந்தச் சமயம் தீவில்தான் இருந்தார்கள். தனுஷ்கோடியைப் பார்த்துவிட்டு, இரவு தங்க ராமேசுவரம் திரும்பியிருந்தார்கள். அதனால் உயிர் தப்பினார்கள். இரவு எங்கே தங்குகிறோம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் பாருங்கள்!

ஐந்து கேள்விகள்

பணம் கட்டுவதற்கு முன்னால் ஐந்து கேள்விகள் கேளுங்கள். விடுதியோ, சத்திரமோ, கூடாரமோ, எதுவானாலும் சரி.

முதல் கேள்வி: நல்ல தண்ணீர் உண்டா? தீவில் மழைநீர் மணலுக்குள் இறங்கி, உப்பு நீருக்கு மேலே தங்கி நிற்கும். தங்கச்சிமடத்தை ஒட்டிய வில்லூண்டி தீர்த்தத்தில், கடலுக்குள் இருக்கும் கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறுவதைக் காணலாம். ஆனால் அளவுக்கு மீறி இறைத்தால் நல்ல தண்ணீர் தீர்ந்து உப்பு மேலே வந்துவிடும். ஆகவே குளிக்க வரும் தண்ணீர் எப்படி, குடிக்க வரும் தண்ணீர் எங்கிருந்து என்று தனித்தனியாகக் கேளுங்கள். கைக்குழந்தை இருந்தால் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரே கொடுங்கள்.

இரண்டாம் கேள்வி: எந்தப் பக்கத்துக் கடல்? தீவுக்கு வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். வடக்கே இருப்பது ஆழம் குறைந்த பாக் கடல். ஊரார் அதைப் பெண் கடல் என்பார்கள். தெற்கே மன்னார் வளைகுடா. அது ஆண் கடல். ஆனால் பேரை நம்பிப் பிள்ளைகளை இறக்கிவிடாதீர்கள். கச்சான் காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை தெற்குக் கடல் கொந்தளிக்கும். வாடைக் காற்று வீசும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடக்குக் கடலும் சீறும். போகிற மாதத்தைச் சொல்லி, அந்த ஊர் மீனவர்களிடம் கேளுங்கள். அவர்கள் சொல்லுக்கு மிஞ்சியது இல்லை.

மூன்றாம் கேள்வி: கழிப்பிடம் எத்தனை தூரம்? விளக்கு உண்டா? வயதானவர்கள் இரவில் இரண்டு முறை எழுந்திருப்பார்கள். மணலில் இருட்டில் நடக்க முடியாது. பெண்களுக்குத் தனிக் குளியலறையும் உள்தாழ்ப்பாளும் இல்லாத இடத்தை, எத்தனை மலிவானாலும் விட்டுவிடுங்கள்.

நான்காம் கேள்வி: வாசலுக்கும் கடலுக்கும் நடுவே என்ன இருக்கிறது? வாசலிலேயே கடல் என்று விளம்பரம் செய்வார்கள். கேட்கக் காதுக்கு இனிமை. நான்கு வயதுப் பிள்ளைக்கு அதுவே ஆபத்து. பெரியவர்கள் மத்தியானம் கண் அயரும் நேரத்தில் பிள்ளை தானே கதவைத் திறந்துகொண்டு போய்விடும். இடையில் ஒரு சுவரோ, வேலியோ, கேட்டோ இருக்க வேண்டும்.

ஐந்தாம் கேள்வி: காற்று அடித்தால் எங்கே போவது? பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்களா என்று தினமும் விசாரியுங்கள். கூரை வீட்டிலோ கூடாரத்திலோ இருந்தால், பக்கத்தில் கெட்டியான கட்டடம் எது என்று பகலிலேயே பார்த்து வையுங்கள். பெரிய மரத்துக்கு நேர் கீழே படுக்காதீர்கள்.

எந்த இடம் யாருக்கு?

இனி இடங்களைப் பார்ப்போம்.

ராமேசுவரம் கோயிலைச் சுற்றிய தெருக்கள்: பாட்டி, தாத்தா, சிறு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு இதுவே முதல் இடம். சத்திரங்கள் உண்டு. தேவஸ்தான விடுதிகள் உண்டு. சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் தமிழ்நாடு ஓட்டல் உண்டு. அக்கினி தீர்த்தத்தில் முழுகி, கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களிலும் நீராடிவிட்டு, ஈரத் துணியோடு நெடுந்தூரம் நடக்க வேண்டியதில்லை. அறைக்கு வந்து உடை மாற்றிக்கொண்டு தரிசனத்துக்குப் போகலாம். சாப்பாட்டுக் கடையும் மருந்துக் கடையும் பக்கத்திலேயே. ஒரு குறை உண்டு. ஆடி, தை, மகாளய அமாவாசை நாட்களில் கால் வைக்க இடம் இருக்காது. அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம்: தென்னந்தோப்புகளும் அமைதியும் வேண்டுகிறவர்களுக்கு ஏற்றது. கார் வைத்திருந்தால் சௌகரியம். குந்துகால் அருகிலேயே இருக்கிறது. சுவாமி விவேகானந்தர் மேல்நாடு சென்று வெற்றியோடு திரும்பி, 1897 ஜனவரி 26-ந் தேதி கரை இறங்கிய இடம். அங்கிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறைப் படகில் பகலில் போய் வரலாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியக் கடற்பூங்காவைச் சேர்ந்தவை. பவளப் பாறைகளும் கடற்பசுவும் உள்ள இடம். அங்கே கூடாரம் அடிக்கும் ஆசையே வேண்டாம்.

தனுஷ்கோடி: பகலில் கட்டாயம் பார்க்க வேண்டும். 2017-லிருந்து அரிச்சல்முனை வரை நல்ல சாலை இருக்கிறது. இடிந்த மாதா கோயிலைப் பிள்ளைகளுக்குக் காட்டி, நடந்ததைச் சொல்லுங்கள். ஆனால் இரவு தங்க அனுமதி இல்லை. பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். முனையில் இரண்டு கடலும் மோதுகின்றன. காலடி மணலையே இழுத்துக்கொண்டு போகும் நீரோட்டம். அங்கே குளிக்கவே கூடாது.

அரியமான் கடற்கரை: இது தீவில் இல்லை. பாலத்துக்கு இப்பால், உச்சிப்புளிக்கு அருகில் இருக்கிறது. சவுக்குத் தோப்பு, மணல், பாக் கடல். கட்டுச்சோறு கொண்டு போய் நாள் முழுவதும் கழிக்கலாம். வெட்டவெளியில் இருக்கும் ஆசை பிள்ளைகளுக்கு இங்கேயே தீர்ந்துவிடும். ஒன்றே ஒன்று. சவுக்குச் சருகு சீக்கிரம் தீப்பற்றும். மரத்தடியில் அடுப்பு மூட்டாதீர்கள். கட்டுச்சோறே போதும்.

கடலில் இறங்கும்போது

எங்கே தங்கினாலும் இந்தக் கட்டுப்பாடு வேண்டும். பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்போது, ஒரு பெரியவர் கரையில் நின்று அவர்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கையில் செல்போன் கூடாது. பேச்சு கூடாது. அரை மணிக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளலாம். ஊருணியில் நீந்தத் தெரியும் என்ற தைரியம் கடலில் செல்லாது. ஊருணித் தண்ணீர் நிற்கும் தண்ணீர். கடல் இழுக்கும் தண்ணீர்.

அப்பத்தா தீர்ப்பு

கோவிலூர்த் திண்ணையில் கடைசியில் என்ன முடிவாயிற்று?

இரண்டு இரவு கோயில் தெருவில் ஜாகை. ஒரு பகல் தனுஷ்கோடி. திரும்பி வருகிற வழியில் அரியமான். பேரனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். கடற்கரையிலேயே கூடாரம் அடித்து, அலைச் சத்தத்தில் தூங்க வேண்டும் என்பது அவன் ஆசை.

"அலைச் சத்தம் அக்கினி தீர்த்தத்திலேயும் கேட்கும்டா," என்றார் அப்பத்தா. "உன்னைக் கூட்டிக்கிட்டுப் போறது பெரிசு இல்லே. திரும்பக் கூட்டிக்கிட்டு வரணும்."

பேத்தி அதற்குள் பையை எடுத்துத் துணிகளை அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.