உஷார்! ‘இந்துத் தீவுதானே’ என்று பாலிக்கு அசட்டையாகக் கிளம்பாதீர்கள்

பாலிக்கு டிக்கெட் போடப் போகிறீர்களா? பணம் கட்டுவதற்கு முன், அந்த வருடம் ‘நியெப்பி’ எந்தத் தேதியில் வருகிறது என்று பாருங்கள். பாலி இந்துக்களின் சக ஆண்டுப் பிறப்பு அது. பெரும்பாலும் மார்ச்சில் வரும். 2025-ல் மார்ச் 29, 2026-ல் மார்ச் 19. புத்தாண்டு என்றதும் கோலாகலம் என்று நினைத்துவிடாதீர்கள். காலை 6 மணி முதல் மறுநாள் காலை 6 மணி வரை தீவில் விளக்கு எரியக் கூடாது, வேலை கூடாது, பயணம் கூடாது, கேளிக்கை கூடாது. டென்பசார் விமான நிலையத்தையே 24 மணி நேரம் மூடிவிடுவார்கள். மொபைல் இணையமும் கிடைக்காது. ‘பெச்சாலாங்’ எனப்படும் ஊர்க்காவலர்கள் ரோந்து வருவார்கள். வெளிநாட்டுக்காரர் என்றெல்லாம் விலக்கு இல்லை. ஓட்டல் வாசலைத் தாண்டக் கூடாது.

பெரிய ஓட்டலில் தங்கியிருந்தால் சாப்பாட்டுக்காவது கவலையில்லை. தனி வில்லா எடுத்தவர்கள்தான் தவித்துப் போவார்கள். கடை திறக்காது, டெலிவரி வராது. குழந்தைகளோடு போகிறவர்கள் முந்தைய நாளே பால், பிரெட், பழம் வாங்கி வைத்துவிட வேண்டும்.

அவர்களும் இந்துக்கள், நாமும் இந்துக்கள் என்ற நினைப்பில் விசாரிக்காமல் கிளம்புவதுதான் என்னைப் பெரிதும் பயமுறுத்துகிறது. சாப்பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பாலி இந்துக்கள் சைவம் அல்ல. முழுப் பன்றியைச் சுட்டுச் சமைக்கும் ‘பாபி குலிங்’ அவர்களுடைய விசேஷ உணவு. காய்கறி மட்டும் என்று சொல்லி வாங்கும் தட்டிலும் சம்பல் இருக்கும். அதில் பெரும்பாலும் ‘தெராசி’ என்ற இறால் விழுது கலந்திருக்கும். சைவக்காரர்கள், முக்கியமாக இறால் ஒவ்வாமை உள்ளவர்கள், ‘தெராசி’ என்ற பெயரைச் சொல்லியே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கோயிலில் இன்னும் கவனம் தேவை. வேட்டி போல இடுப்பில் சுற்றும் துணியும் அதன் மேல் கட்டும் கச்சையும் ஆண், பெண் இருவருக்கும் கட்டாயம். மாதவிலக்கில் இருக்கும் பெண்களும் சாவுத் தீட்டு உள்ளவர்களும் உள்ளே போகக் கூடாது. பெசாகி போன்ற பெரிய கோயில்களில் உட்பிராகாரம் வழிபட வருபவர்களுக்கு மட்டுமே. சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் வெளியே நிற்க வேண்டும். தீர்த்த எம்புல் கோயிலில் நீராடும்போது எல்லாத் தூம்பிலும் தலை நீட்டிவிடாதீர்கள், இரண்டு தூம்புகள் இறந்தவர்களுக்கான சடங்குக்கு உரியவை. வாசலிலும் நடைபாதையிலும் தென்னங்குருத்துத் தட்டில் பூ வைத்திருப்பார்கள். அது படையல், மிதிக்கக் கூடாது. புனித மரத்தில் ஏறி ஆபாசமாகப் படம் எடுத்துக்கொண்ட வெளிநாட்டினரை நாடு கடத்தியிருக்கிறார்கள். ரீல்ஸ் ஆசையில் பிள்ளைகள் சன்னதி மேடையில் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விசாவில் ஏமாறுகிறவர்கள் பலர். இந்தியர்களுக்கு வந்திறங்கியதும் கிடைக்கும் 30 நாள் விசாவுக்குக் கட்டணம் 5 லட்சம் ருபியா. நம் பணத்தில் 3,000 ரூபாயை ஒட்டி வரும். 2024 பிப்ரவரி 14 முதல் பாலி அரசு வாங்கும் சுற்றுலா வரி தனியாக ஒன்றரை லட்சம் ருபியா. இரண்டையும் ஆன்லைனில் கட்டலாம். ஆனால் அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டிக் கூடுதலாகக் கறக்கும் போலித் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும். முகவரி ‘ஜிஓ டாட் ஐடி’ என்று முடியாவிட்டால் கார்டு எண்ணைக் கொடுக்காதீர்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாத ஆயுள் மிச்சம் இருக்க வேண்டும். வந்திறங்கும் நாளையும் சேர்த்துத்தான் 30 நாள் கணக்கு. மீறினால் நாளொன்றுக்கு 10 லட்சம் ருபியா அபராதம். பணம் மாற்றும்போது, சந்துக்குள் அதிக விலை போர்டு வைத்திருக்கும் கடைப் பக்கமே போகாதீர்கள். எண்ணிக் காட்டிய கட்டில் இருந்து நோட்டு கழன்றுவிடும்.

ஸ்கூட்டர் வாடகைக்குச் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் இருசக்கர வாகனத்துக்கும் செல்லுபடியாகும் சர்வதேச ஓட்டுநர் பெர்மிட் இல்லாமல் ஓட்டி விழுந்தால், இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிடும். ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க உங்கள் தலையில். பெர்மிட்டை ஊரில் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலேயே வாங்கிக்கொண்டு போங்கள். பாலியில் 2008-லிருந்து வெறிநோய் இருக்கிறது. குரங்கோ நாயோ கடித்தால் ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல் அன்றே ஊசி போடுங்கள். ஃபுளோரெஸ் தீவில் லெவோடோபி எரிமலை புகைந்ததால் 2024, 2025 இரண்டு வருடங்களிலும் பாலி விமானங்கள் ரத்தாயின. விமான ரத்துக்கும் காப்பீடு இருக்கிறதா என்று பாலிசியைப் படித்துப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விடக் கொடியது ஒன்று உண்டு. “இந்தப் பையை அங்கே ஒருத்தரிடம் கொடுத்துவிடுங்கள்” என்று யார் கேட்டாலும், சொந்தக்காரராகவே இருந்தாலும், வாங்காதீர்கள். இந்தோனேசியாவில் போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை உண்டு. 2005-ல் பாலியில் பிடிபட்ட ஒன்பது ஆஸ்திரேலியர்களில், ஈழத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மயூரன் சுகுமாரனையும் ஆண்ட்ரூ சானையும் 2015 ஏப்ரல் 29 அன்று சுட்டுக் கொன்றார்கள். ஆஸ்திரேலிய அரசே மன்றாடியும் பலிக்கவில்லை. உங்கள் பெட்டியை நீங்களே அடுக்குங்கள், நீங்களே பூட்டுங்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை என்றால் சீட்டோடு எடுத்துப் போங்கள்.