கணுக்காலையும் அளப்போம்

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தயாராகும் காலணிகள் கடல் கடந்து ஐரோப்பியக் கடைவீதிகளைச் சென்றடைகின்றன. அவற்றைத் தயாரிப்போரின் கால்களில் ரத்தம் தடையின்றி ஓடுகிறதா என்று பார்க்கும் வழக்கம் மட்டும் நம்மிடம் இன்னும் ஏற்படவில்லை.

என் பெரியப்பா ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் முப்பது ஆண்டுகள் பணியாற்றியவர். நீரிழிவு உண்டு; பீடிப் பழக்கமும் உண்டு. சற்றுத் தொலைவு நடந்தாலே அவருக்குக் கெண்டைக்கால் இறுகி வலிக்கும். நின்றால் சில நிமிடங்களில் தணிந்துவிடும். 'காலமெல்லாம் நின்று உழைத்த கால், வலிக்கத்தான் செய்யும்' என்பார். நாங்களும் நம்பினோம். பெருவிரல் புண் ஆறாமல் கறுத்த பிறகே மருத்துவமனைக்குச் சென்றோம். முழங்காலுக்குக் கீழே காலை அகற்ற வேண்டியதாயிற்று.

அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவர் அவரது தாம்பத்திய வாழ்க்கை குறித்து ஒரு கேள்வி கேட்டார். பெரியப்பா என்னைச் சற்று வெளியே இருக்கச் சொன்னார். நான்கு ஆண்டுகளாகத் தமக்கு விறைப்புத்தன்மைக் குறைபாடு இருந்ததை அன்றுதான் முதன்முதலாக ஒருவரிடம் சொன்னதாகப் பின்னாளில் அவரே என்னிடம் கூறினார். அவருடைய ஒப்புதலுடன்தான் இதை எழுதுகிறேன்.

கால் வலி வேறு, அந்தரங்கக் குறை வேறு என்றே நாம் எண்ணுகிறோம். பல நேரங்களில் இரண்டுக்கும் வேர் ஒன்றே: தமனிகளின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து பாதை குறுகுவது. ஆணுறுப்புக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனியின் விட்டம் 1 முதல் 2 மில்லிமீட்டர். இதயத் தமனி 3 முதல் 4 மில்லிமீட்டர். தொடைத் தமனி அதனினும் பெரியது. மெல்லிய குழாயில்தான் குறை முதலில் வெளிப்படும் என்று மருத்துவர்கள் விளக்குகின்றனர். இதய நோயின் அறிகுறிகள் தெரிவதற்கு இரண்டு, மூன்று ஆண்டுகள் முன்பே விறைப்புக் குறைபாடு தலைகாட்டக்கூடும்.

கால் தமனி அடைப்பைக் கண்டறியக் கத்தியும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். நோயாளியைப் படுக்கவைத்து, கைகளிலும் கணுக்கால்களிலும் ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டி, கையடக்க டாப்ளர் கருவியால் நாடியொலியைக் கேட்டு அளக்கிறார்கள். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுக்க வேண்டும். கையில் 120, கணுக்காலில் 84 என்றால் விகிதம் 0.7. இது 1.0 முதல் 1.4 வரை இருப்பது இயல்பு, 0.9 அல்லது அதற்கும் கீழ் என்றால் அடைப்பு உண்டு. நீண்டகால நீரிழிவு உள்ளோருக்குத் தமனிச் சுவர் கெட்டிப்பட்டு விகிதம் 1.4-ஐத் தாண்டலாம், அப்போது கால்விரலில் அழுத்தத்தை அளப்பார்கள். கால் மணி நேரத்தில் முடியும் சோதனை இது.

விறைப்புக் குறைபாட்டுக்கு டாப்ளர் ஸ்கேன் உண்டு. அதற்கு மட்டும் சிறு ஊசி மருந்து தேவைப்படும். நரம்புப் பாதிப்பு, இயக்குநீர்க் குறைவு, சில மருந்துகள், மனக்கவலை ஆகியவையும் காரணமாகலாம் என்பதால், அது யாருக்குத் தேவை என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

ஆனால் நம் ஆண்கள் மருத்துவரிடம் செல்வதில்லை. பேருந்து நிலையச் சுவரொட்டியைப் பார்த்து விடுதி அறை வைத்தியரைத் தேடுகிறார்கள்; அல்லது மருந்துக்கடையில் சீட்டின்றி மாத்திரை வாங்குகிறார்கள். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து உட்கொள்பவர் சில்டெனாபில் மாத்திரையையும் சேர்த்து விழுங்கினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து நேரலாம்.

பெரிய மருத்துவமனைகளுக்கு இங்கே குறைவில்லை. வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே போய்ச் சேரும் காலம்தான் தாமதமாகிறது. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஊழியர்கள் வீடு தேடி வந்து சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்கிறார்கள். நடந்தால் கால் வலிக்கிறதா என்று அவர்கள் கேட்கலாம். ஆம் என்போருக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இ.எஸ்.ஐ. மருந்தகங்களிலும் கணுக்கால் அழுத்தத்தை அளக்கலாம். மற்றொரு கேள்வியை மருத்துவர் தனிமையில் கேட்க வேண்டும்.

அடைப்பு தொடக்கத்தில் தெரிந்தால் புகையை நிறுத்துவது, முறையான நடைப்பயிற்சி, கொழுப்பையும் சர்க்கரையையும் கட்டுப்படுத்தும் மருந்துகள் ஆகியவற்றால் பெரும்பாலானோர் காலைக் காத்துக்கொள்ளலாம். பெரியப்பாவிடம் அந்தக் கேள்வி நான்கு ஆண்டுகளுக்கு முன்பே கேட்கப்பட்டிருக்க வேண்டும். இன்று அதே ஆலைகளில் வேலைபார்க்கும் அவர் வயதுக்காரர்களிடமாவது காலத்தோடு கேட்போம்.