பனி இளகும்போது எழும் தவளை

அமெரிக்காவின் வடகிழக்கில், நியூ ஹாம்ப்ஷயர், மாசசூசெட்ஸ் பகுதிச் சிற்றூர்கள் பலவற்றில் ஊரை ஒட்டியே ஒரு காட்டு நடைபாதை இருக்கும். மார்ச் கடைசியில் அதில் நடந்தால், வெயில் படும் பக்கம் தரை சேறும் சருகுமாக இளகியிருக்கும். நிழல் விழும் பக்கம் பனி இன்னும் குவிந்து கிடக்கும். மரங்கள் துளிர் விட்டிருக்காது. அந்த நேரத்தில் பள்ளமான ஓரிடத்திலிருந்து வாத்துக் கூட்டம் கத்துவதுபோல் சத்தம் கேட்கும். போய்ப் பார்த்தால் வாத்து இருக்காது. பனி உருகித் தேங்கிய குட்டைதான் இருக்கும், ஓரங்களில் இன்னும் கரையாத பனிக்கட்டியோடு. கத்துபவை தவளைகள். குளிர்காலத்தில் உடம்புக்குள் பனிக்கட்டியோடு, இதயம் நின்று கிடந்தவை.

இதன் பெயர் காட்டுத் தவளை. உள்ளங்கைக்குள் அடங்கும் உருவம், காய்ந்த சருகின் நிறம், கண்ணை ஒட்டிக் கறுத்த பட்டை. ஜார்ஜியா மாநிலத்தின் மலைகளில் தொடங்கி, கனடா வழியாக, அலாஸ்காவில் ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பாலும் வாழ்கிறது.

குளிர் நாடுகளின் தவளைகள் பலவும் உறையாத இடமாகத் தேடிப் போய்விடும். சில குளத்தின் அடியில் ஒதுங்கும். தேரைகள் உறைபனி எட்டாத ஆழத்துக்கு மண்ணைத் தோண்டும். காட்டுத் தவளை இரண்டையும் செய்வதில்லை. தரையிலேயே, சருகு மெத்தைக்கு அடியில் படுத்துவிடுகிறது. அங்கே வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும்; தவளையும் உறையும்.

உறைவது ஏன் உயிரைக் கொல்கிறது? ஃப்ரீசரில் வைத்து மறந்த தக்காளியை எடுத்து வெளியே வைத்துப் பாருங்கள். சற்று நேரத்தில் கூழாகிவிடும். செல்களுக்குள் நீர் பனிக்கட்டியாகும்போது செல்லின் கட்டமைப்பே சிதைந்துபோகிறது. பனி செல்லுக்கு வெளியே மட்டும் உருவானாலும் ஆபத்து தீராது. அது உள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்கும். செல் வற்றிச் சுருங்கும்.

காட்டுத் தவளை பனியைத் தடுப்பதில்லை. எங்கே உறையலாம், எங்கே கூடாது என்பதை மட்டும் பிரித்துவிடுகிறது. ஈரத் தோலில் முதல் பனிக்கட்டி தொட்ட சில நிமிடங்களில் கல்லீரல் வேலையைத் தொடங்கிவிடும். இலையுதிர்காலம் முழுக்கச் சேர்த்து வைத்த கிளைகோஜனைக் குளுக்கோஸாக உடைத்து ரத்தத்தில் கொட்டும். இதயம் துடிக்கிற வரை அந்தச் சர்க்கரையை உறுப்புகளுக்கெல்லாம் கொண்டு சேர்க்கும். வெறும் வயிற்றில் நம் ரத்தச் சர்க்கரை 100-ஐத் தாண்டினாலே மருத்துவர் கவலைப்படுகிறார். உறைந்த காட்டுத் தவளையில் அதே அளவுமுறையில் 4,000-க்கு மேல் அளந்திருக்கிறார்கள். அந்தச் சர்க்கரைப் பாகுதான் செல்லுக்குள் நீரைப் பிடித்து வைத்து, உறையாமல் காக்கிறது. குளிருக்கு முன்பே உடலில் தேங்கும் யூரியாவும் இதற்குத் துணை நிற்கிறது. சிறுநீரோடு வெளியேற வேண்டிய கழிவு இங்கே காவலாகிவிடுவது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

செல்களுக்கு வெளியே, தோலுக்கு அடியிலும் வயிற்றுக் குழியிலும், பனி தாராளமாகப் படர்கிறது. உடல் நீரில் 65 விழுக்காடு வரை உறைந்தாலும் தவளை தாங்கும். மூச்சு நிற்கும், ரத்த ஓட்டம் நிற்கும், கடைசியில் இதயமும் நிற்கும். மினசோட்டாவைச் சேர்ந்த வில்லியம் ஷ்மிட் 1982-இல் தவளைகளின் இந்தத் திறனை அறிவியல் உலகுக்குத் தெரிவித்தார். அதன்பின் கனடாவில் கென்னத் ஸ்டோரி, ஜேனட் ஸ்டோரி தம்பதியர் அதன் வேதியியலைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் பகுதியில், இயற்கையான இடத்திலேயே தவளைகளைக் கண்காணித்த ஆய்வு 2014-இல் வெளியானது. அவை சராசரியாக 193 நாட்கள் உறைந்து கிடந்தன. வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி வரை இறங்கியது. ஆய்வில் இருந்த அத்தனை தவளைகளும் பிழைத்தன. இலையுதிர்காலத்தில் இரவில் உறைந்து பகலில் இளகி, மறுபடி உறைந்ததால் ஒவ்வொரு முறையும் சர்க்கரை கூடிக்கொண்டே போனதுதான் காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

உறைவதைவிட இளகுவதுதான் எனக்கு அழகாகப் படுகிறது. வெளியே சூடு ஏறினால் தோலும் காலும் முதலில் உயிர் பெற வேண்டும் என்றுதான் நினைப்போம். அப்படி நடந்திருந்தால் ரத்தம் வராமல் அவை அழிந்திருக்கும். ஆனால் சர்க்கரை மிகுந்த இடத்தில் பனி முதலில் உருகும்; சர்க்கரை மிகுந்திருப்பதோ கல்லீரலும் இதயமும் உள்ள நடுவுடலில். அதனால் பனி முழுக்கக் கரையும் முன்பே இதயம் துடிக்கத் தொடங்கிவிடுகிறது. பிறகு மூச்சு, அதன்பின் கால்களின் அசைவு. ஏறக்குறைய ஒரு நாளில் தவளை தாவும் நிலைக்கு வந்துவிடும். மிஞ்சிய சர்க்கரையையும் கல்லீரல் திரும்பக் கிளைகோஜனாக்கிச் சேமித்துக்கொள்கிறது.

இவ்வளவு பாடும் எதற்கு? முந்திக்கொள்வதற்கு. வசந்தத்தில் முதலில் சூடேறுவது காட்டுத் தரையின் மேற்பரப்பு. அங்கே படுத்திருப்பது, ஆழத்தில் புதைந்தவற்றுக்கு முன்பே விழிக்கிறது. அது தேடிப் போகும் பனிநீர்க் குட்டை கோடையில் வற்றிவிடும். வற்றுவதாலேயே அதில் மீன்கள் இல்லை, முட்டையைத் தின்பவையும் குறைவு. குட்டை காய்வதற்குள் தலைப்பிரட்டை தவளையாகிக் கரையேறியாக வேண்டும். ஆகவே ஒரு நாள் முந்துவதும் லாபம். சில நாட்களுக்குள், அதிகம் போனால் இரண்டு வாரத்துக்குள், இணைசேர்தலும் முட்டையிடுதலும் முடிந்துவிடும். பெண் தவளைகள் ஒரே இடத்தில் முட்டைத் திரள்களை இடுகின்றன. கறுத்த கருக்கள் வெயிலை உறிஞ்சுவதால் திரளின் நடுப்பகுதி சுற்றியுள்ள நீரைவிடக் கதகதப்பாக இருக்கும். ஓரத்து முட்டைகள் உறைந்து செத்தாலும் நடுவில் உள்ளவை பிழைக்கும்.

உறையத் தெரிந்த தவளைக்கும் பனிப்பொழிவு வேண்டும். பனிக்குள் சிக்கிய காற்று குளிரைத் தடுப்பதால், அதற்கு அடியில் சருகு மெத்தை வெளிக்காற்றைப்போல் அவ்வளவாகக் குளிர்வதில்லை. பனிப்பொழிவு குறையும் ஆண்டுகளில், காற்று சற்றுக் கதகதப்பாக இருந்தாலும், தரை அதிகமாகக் குளிர்ந்துவிடலாம்.

இன்னொரு ஆபத்து சாலை. குளிர் விட்ட முதல் மழை இரவில் காட்டிலிருந்து குட்டைக்குத் தவளைகளும், பல்லி போன்ற உருவம் கொண்ட சாலமாண்டர்களும் கூட்டமாகக் கிளம்பும். மாசசூசெட்ஸின் ஆம்ஹர்ஸ்ட் ஊரில் சாலமாண்டர்களுக்காக 1987-இல் சாலைக்கு அடியில் சிறு சுரங்க வழிகள் அமைத்தார்கள். நியூ ஹாம்ப்ஷயரின் கீன் நகரில் அத்தகைய இரவுகளில் சில சாலைகளையே மூடிவிடுகிறார்கள். வேறு ஊர்களில் தன்னார்வலர்கள் டார்ச் விளக்கோடு நின்று கையில் ஏந்திக் கடத்துகிறார்கள். அவர்கள் தவறாமல் கடைப்பிடிக்கும் விதி ஒன்றுண்டு: தவளை எந்தப் பக்கம் பார்த்துப் போய்க்கொண்டிருந்ததோ, அந்தப் பக்கமே கொண்டுபோய் விட வேண்டும். வந்த பக்கமே விட்டால், அது மறுபடியும் சாலையில் இறங்கும்.