நாலு பக்கமும் சரி, மனைதான் கோணல்!

பள்ளிக்கூட நாட்களில் அடியேன் ஜியோமெட்ரி பாக்ஸை உபயோகித்த விதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். கவராயம், பெஞ்சில் பேர் செதுக்க. பாகைமானி, பாதி நிலா வரைய. மூலைமட்டம், முதுகு சொறிய. அப்புறம் பி.காம். சேர்ந்து டெபிட், கிரெடிட் என்று ஒதுங்கிவிட்டதால் கோணங்களோடு உறவு முறிந்தது என்றே நினைத்திருந்தேன், காணையில் மனை பார்க்கப் போகும்வரை.

முகப்பு 30 அடி, நீளம் 40 அடி. புரோக்கர் டேப்பைப் பிடித்து நாலு பக்கமும் அளந்து காட்டினார். 30, 40, 30, 40. அங்குலம் பிசகவில்லை. "1,200 சதுர அடி சார், அரை கிரவுண்டு!" அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். (பெருக்கல் கணக்குக்கு பி.காம். போதுமே!)

பத்திரப் பதிவுக்கு இரண்டு நாள் முன்பு, எஸ்டிமேட் கேட்க உள்ளூர் மேஸ்திரி ஒருவரை அழைத்துப் போனேன். மனுஷர் மூலைக்கல்லிடம் நின்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார்.

"தம்பி, மூலை மட்டமா இல்லியே."

"பக்கமெல்லாம் சரியா இருக்கே மேஸ்திரி!"

"பக்கம் சரியா இருந்தா ஆச்சா? கயித்துக் கட்டிலப் பாருங்க. ஆப்பு தளர்ந்தா கோணிக்கிட்டு நிக்குது. சட்டத்தோட நீளமா குறைஞ்சு போச்சு?"

மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி தள்ளி ஆணி அடித்தார். இரண்டு ஆணிக்கும் நடுவே 5 அடி வந்தால் மூலை சரி. வந்ததோ 4 அடி 7 அங்குலம். பித்தாகரஸ் என்ற பேர் அவருக்குத் தெரியாது. 'மூணு, நாலு, அஞ்சு' என்றுதான் சொல்வார். பரீட்சைக்காக அந்தத் தேற்றத்தை உருப்போட்ட எனக்கு இது தோன்றவில்லை பாருங்கள்!

பிறகு குறுக்கு மூலைகளை அளந்தோம். இரண்டும் 50 அடி வரவேண்டும். ஒன்று 54, மற்றது 45 அடி 8 அங்குலம்.

ராத்திரி கால்குலேட்டரும் கையுமாக உட்கார்ந்தேன். 90 பாகை இருக்கவேண்டிய மூலை 80. அதனால் பரப்பு 1,182 சதுர அடி. 18தானே குறைவு, போகட்டும் என்றேன் மேஸ்திரியிடம்.

"நேரா வீடு கட்டுங்க பாக்கலாம். ரெண்டு பக்கமும் ஆப்பு மாதிரி துண்டு விழும். முகப்புல 7 அடி போச்சு!"

பகீரென்றது.

டேப்பை மட்டும் நம்பியது என் தப்பு. 1802-ல் நம் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்ப்டன் சுமார் ஏழரை மைல் தூரத்தைச் சங்கிலி போட்டு அளந்தார். அப்புறம் பெரும்பாலும் கோணங்களாகவே போனார். முக்கோணத்தில் ஒரு பக்கமும் இரண்டு கோணமும் தெரிந்தால் மற்ற பக்கங்கள் கணக்கிலேயே கிடைத்துவிடும், காடு மலையில் சங்கிலி இழுக்க வேண்டாம். அவருடைய தியோடலைட் அரை டன் எடை. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் மேலே ஏற்றும்போது அது மோதிச் சேதமாகி, மனுஷர் வாரக்கணக்கில் கூடாரத்துக்குள் உட்கார்ந்து வளைவை நிமிர்த்தினாராம். கோணத்துக்கு அவ்வளவு மரியாதை!

மனைக்காரர் கல்லை நகர்த்த முடியாது என்றார். பக்கத்து மனையும் அதே சாய்வு; அதுவும் விற்றாயிற்று. 18 சதுர அடிக்குக் கழிக்கிறேன் என்றார் அவர், 7 அடி முகப்புக்குக் கழியுங்கள் என்றேன் நான். மூன்று டீக்குப் பிறகு நடுவில் எங்கோ முடிந்தது.

வீடு 23 அடி அகலத்தில் எழும்பி நிற்கிறது. தெருப்பக்கத்து ஆப்புத் துண்டில் என் மனைவி கறிவேப்பிலை வைத்திருக்கிறாள். பின்பக்கத்துத் துண்டில் என் ஸ்கூட்டர், அதுவும் சாய்வாகத்தான் நிற்கும்.