பெயின்ட் அடிச்சுக்கிட்டே இருக்கணுமா? பாம்பன் பாலத்தின் 108 வருட மல்லுக்கட்டு!

கல்லாவி மாதிரி கடல் வாடையே இல்லாத ஊர்ல வீட்டு இரும்பு கேட்டுக்கு ஒருமுறை பெயின்ட் அடிச்சா, சில வருஷத்துக்கு அதை மறந்துடலாம். அதே கேட்டை பாம்பன்ல மாட்டினா? சீக்கிரமே துரு எட்டிப் பார்க்கும். அப்படின்னா அங்கே கடலுக்கு நடுவே 2 கிலோமீட்டருக்கு மேல நீளும் இரும்புப் பாலத்தின் கதி?

1914 பிப்ரவரி 24-ல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலம், 2022 டிசம்பர் வரை ரயில்களைத் தாங்கியது. 1964 புயலில் பெரும்பாலான கர்டர்கள் அடித்துச் செல்லப்பட்டும், கப்பலுக்கு வழிவிடும் ஷெர்சர் தூக்குப் பகுதி தப்பித்தது. ஆனால் புயல் எப்போதாவதுதான் வரும். உப்புக் காற்று தினமும் வரும்.

இரும்பு, ஈரம், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு. உப்பு அதை வேகப்படுத்தும். பெயின்ட் இங்கே அழகுக்கு இல்லை, இரும்புக்கும் காற்றுக்கும் நடுவில் இருக்கும் தடுப்பு.

சரி, எப்படி அடிக்கிறாங்க?

நேரா பிரஷ்ஷை எடுத்துத் தடவ முடியாது. முதலில் படிந்த உப்பை நல்ல தண்ணீரில் கழுவணும். கழுவாமல் விட்டால், பெயின்ட்டுக்கு அடியில் இருக்கும் உப்பு ஈரத்தை இழுத்து, மேலே கொப்புளம் கிளப்பிவிடும். பிறகு கம்பி பிரஷ்ஷால் சுரண்டியோ, காற்றழுத்தத்தில் மணல் போன்ற துகள்களைப் பீய்ச்சியோ துருவை எடுக்கணும். சுத்தமான இரும்பு வெளியே தெரிஞ்சதும் தாமதிக்காம பிரைமர். விட்டா சில மணி நேரத்தில் மறுபடியும் துருப்பிடிக்கத் தொடங்கிடும்! கடைசியில்தான் மேல்பூச்சு. நம்ம ரயில் பாலங்கள் பல வெள்ளியா மின்னுறதுக்குக் காரணம் அலுமினிய பெயின்ட்.

பெரிய தலைவலி ரிவெட்டும், தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று படியும் இடுக்கும்தான். தண்ணீர் அங்கே போய்த் தங்கும், பிரஷ் போகாது. வெளியே பளபளன்னு இருக்கும் கர்டர் உள்ளே அரிக்கப்பட்டிருக்கலாம். அதனால பெயின்ட் அடிப்பவரின் கண்ணும் முக்கியம்.

ஸ்காட்லாந்தின் ஃபோர்த் ரயில் பாலத்தில் பெயின்ட் வேலை முடிவதே இல்லை என்பது அந்த ஊர் சொலவடையாகவே ஆகிடுச்சு. 2011-ல் முடிந்த புதுப்பிப்பில், கண்ணாடிச் செதில் கலந்த எபாக்ஸி பூச்சு அடித்து, 25 வருஷமாவது தாங்கும் என்றார்கள்.

2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய பாம்பன் பாலமும் அதே வழிதான். துருப்பிடிக்காத கம்பி, வெல்டிங் இணைப்பு, பாலிசிலாக்ஸேன் பூச்சு. பராமரிப்பு இல்லாமலே 35 வருஷத்துக்கு மேல் தாங்கும் என்கிறது ரயில்வே. ஆனால் திறப்புக்கு முன்பே, 2024 நவம்பரில், ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை அரிப்பு தொடங்கிவிட்டதைச் சுட்டிக்காட்டியது. அதையும் இதையும் சேர்த்துப் பார்த்தா, பாம்பனில் பிரஷ்ஷை மூட்டை கட்டி வைக்கிற காலம் இன்னும் வரலைன்னுதான் தோணுது.